கழுத்தளவுக் கல்

ராயபுரத்தில் கரிக்கொட்டகைக்குப் போகும் பழைய பாதையில், மதில் திரும்பும் முனையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்த சாதாரணச் சுமைதாங்கிதான். போன மாதம் ரோடு போட வந்தவர்கள் மேல்கல்லைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கல் இருந்தவரை அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. விழுந்த பிறகு, அது என்ன கல் என்று கேட்டுக்கொண்டு எங்கள் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"பெரீம்மா, அது இன்னா சாமி?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அம்மன் என்றாள். குங்குமம் வைத்திருப்பதைப் பார்த்ததாக மூன்றாவது ஆள் சொன்னாள்.

அது சாமி இல்லை. அவள் பெயர் முனியம்மா. என்னோடு கரிக்கூடை சுமந்தவள். இதைச் சொன்னதும், அப்படியானால் அந்தக் காலத்துக் கதையை எழுதிக் கொடுங்கள், சங்கத்து ஆண்டு மலரில் போடலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்த பாவத்துக்குச் சங்கத்து எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். இதுவும் விழுந்தது.

எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது நான் பாவாடை கட்டிய பெண். அதற்குச் சில வருஷம் கழித்து, என் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது என்று அவள் இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கப்பலில் வந்து இறங்கும் கரியைத் துறைமுகத்திலிருந்து கொட்டகைக்குச் சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். கழுத்தை ஆட்டாமல் நடப்பது, சும்மாட்டை நனைத்து வைப்பது, கரித்தூள் கண்ணில் விழாமல் பார்வையைத் தாழ்த்துவது, எல்லாம் சில நாளில் வந்துவிடும். கழுத்துவலி பழகுவதற்குள்தான் உயிர் போய்விடும்.

அங்கே ஆண் வேலை, பெண் வேலை என்று ஒரு கோடு உண்டு. கரியை மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் போடுவதும், கூடையைப் பெண்ணின் தலைக்குத் தூக்கிவிடுவதும் ஆண் வேலை. சுமந்து நடப்பது பெண் வேலை. ஒருத்திக்குத் தூக்கிவிட்டவன் அடுத்தவள் வரும்வரை மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து பீடி பிடிப்பான். கூலி அவனுக்குத்தான் கூட. ஏன் என்று கேட்டால், தூக்குவதில்தான் பலம் இருக்கிறது, நடப்பதில் என்ன இருக்கிறது என்பார்கள். தூக்கிவிட்ட பாரம் அதற்கப்புறம் எங்கே போகிறது என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆண்பிள்ளை தலையில் கூடை ஏறினால் அது அவனுக்குக் கேவலம் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, சுமந்தவர்களுக்குத்தான் புரியும். தலையில் ஏறிய கூடையை வழியில் இறக்கக்கூடாது. கீழே போட்டுவிடலாம், அது சுலபம். திரும்பத் தலைக்கு ஏற்ற யார் வருவார்கள்? தனியாக ஒருத்தி அந்தப் பாரத்தை ஏற்றிக்கொள்ள முடியாது. ஆகவே மூச்சு முட்டினாலும், காலில் ஆணி ஏறினாலும், கொட்டகை வரை நடந்தே தீர வேண்டும்.

எங்களுக்கு மேலே ஏகாம்பரம் மேஸ்திரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, கையில் குடை. எங்கள் எல்லாரையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மற்ற மேஸ்திரிகள் கத்துவார்கள், கையைப் பிடிப்பார்கள். இவர் அப்படியெல்லாம் இல்லை. எங்களுக்கு அவர் ஒருவரிடம்தான் பயம்.

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். வில்லை இருந்தால்தான் கூடை. ஆண்களுக்கு மேஸ்திரி கையிலேயே கொடுத்துவிடுவார். பெண்கள் வில்லையைக் கொட்டகை உத்தரத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருப்பார். நாங்கள் ஒவ்வொருத்தியாகப் போய், நுனிக்காலில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி எட்டி எடுக்க வேண்டும். ஏன் அவ்வளவு உயரம் என்று வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. கையை உயர்த்தினால் புடவை இழுபடும், வயிறு தெரியும். மேஸ்திரி முகத்தைப் பார்க்க மாட்டார், அதை மட்டும்தான் பார்ப்பார். கொஞ்சம் மேடு தெரிந்தால் போதும். "தங்கச்சி, நீ வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு" என்பார், அவ்வளவு அன்பாக. பிள்ளை பெற்றுத் திரும்பி வருகிறவளுக்கு இடம் இருக்காது. அதே வரிசையில், "எம் பொண்டாட்டி முழுவாம கீறா மேஸ்திரி" என்று பல்லைக் காட்டும் ஆண்பிள்ளைக்குக் கூடுதல் வேலை கிடைக்கும். குடும்பஸ்தன் ஆயிற்றே.

இந்த ஆணியை ஏமாற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தவள் முனியம்மா. என் உயரம், என் வயசு, வாய் ஓயாத பெண். மடியில் எப்போதும் ஒரு மாங்காய்த் துண்டு இருக்கும், கடித்துக்கொண்டேதான் நடப்பாள். அவள் புருஷன் சின்னத்தம்பியும் அங்கேதான் மண்வெட்டி பிடித்தான். அவளுக்குக் கூடை தூக்கிவிடுவதும் அவன்தான்.

"பழைய பொடவைய கிழிச்சி இறுக்கிக் கட்டிக்கணும். கைய தூக்கசொல்லோ மூச்ச வெளிய வுட்டுடணும்மே. உள்ள இழுத்தியானா எல்லாம் தூக்கிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாசம். எங்கள் எல்லாருக்கும் தெரியும், சின்னத்தம்பிக்கும் தெரியும். ஆணிக்கு மட்டும் தெரியாது.

அன்றைக்கு நல்ல உச்சிவெயில். காற்றே இல்லை. முனியம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மதில் திரும்பும் முனையில் நின்றாள். சுமக்கிறவள் நிற்கவே மாட்டாள், அதனால் எனக்குச் சுருக்கென்றது. திரும்பாமலே, "கன்னிமா, எறக்குமே" என்றாள். நான் என் கூடையைத் தள்ளிவிட்டு ஓடினேன். அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. கழுத்து நேராக, முதுகு நேராக, மதிலோரம் மெதுவாக உட்கார்ந்தாள். தலையில் கூடை அப்படியே இருந்தது, ஒரு துண்டு கரி சிந்தவில்லை. கண் திறந்திருந்தது. நான் கன்னத்தைத் தொட்டபோது உயிர் இல்லை. சின்னத்தம்பி ஓடி வந்து, சற்று முன் அவன் ஏற்றிய கூடையை அவனே இறக்கினான். அதுவரை அந்தக் கழுத்து சாயவில்லை.

வயிற்றுப் பிள்ளையோடு புதைக்கக்கூடாது, தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டும் என்று பெண்கள் நாங்கள் சொன்னோம். பொழுது சாய்கிறது என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். காசிமேட்டில் அப்படியே அடக்கம் செய்தார்கள். அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் வழக்கம். அவள் பாரம் இறங்காமலே போனவள். வழியில் போகிறவர்கள் தங்கள் பாரத்தை அந்தக் கல்லில் இறக்கி வைத்தால் அவள் பாரமும் இறங்கும் என்பார்கள். சின்னத்தம்பியைக் கேட்டோம். "பாக்கலாம்" என்றான். கார்த்திகை முடிவதற்குள் அவனுக்கு மீஞ்சூரில் வேறு பெண் பார்த்தார்கள். முனியம்மாவின் வில்லை மறுநாளே ஆணியில் தொங்கியது, வேறொருத்தி எட்டி எடுத்துக்கொண்டாள்.

அந்த முனையில் ஏதோ இருக்கிறது என்று முதலில் சொன்னது ஜைனம்பு. வண்ணாரப்பேட்டைக்காரி, எங்களில் மூத்தவள், வீண் பேச்சு பேசாதவள். கஞ்சி குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மொனைல உனக்கு எதுனா தெரியுதா?" என்று கேட்டாள்.  எனக்கும் தெரிந்தது. வெயிலுக்கு மூளை கலங்கிவிட்டது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மதில் முனையில் கால் வைத்ததும் கூடை லேசாகிவிடும். யாரோ இரண்டு பக்கமும் கை கொடுத்துச் சற்றே உயர்த்திப் பிடித்ததுபோல் கழுத்தெலும்பு நிமிரும். முனையைத் தாண்டும் வரைதான். அப்புறம் பாரம் திரும்பத் தலையில் உட்காரும். மாங்காய் வாசனை வந்ததாகச் சிலர் சொன்னார்கள், எனக்கு அது வரவில்லை. எனக்குக் கேட்டது வேறு. பாரம் லேசாகும் அந்த இடத்தில், என் காதோரம், யாரோ மூச்சு வாங்கினார்கள். கனத்தைத் தூக்குகிறவர்கள் மூக்கால் விடும் மூச்சு. அது பட்டப்பகலில், பத்துப் பெண்கள் வரிசையாக நடக்கும்போது கேட்டது.

ஆண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள்தான் சுமப்பதில்லையே.

பயந்தோம் என்று சொன்னால் பொய். முதல் நாள் பயந்தோம். பிறகு அந்த முனை எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நடந்தோம். எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஐந்தாம் மாசம். என் வீட்டுக்காரர் தண்டையார்பேட்டைப் பட்டறையில் கை நசுங்கி வீட்டில் கிடந்தார். என் வில்லை போனால் அடுப்பு எரியாது. வில்லையை வைத்துக்கொண்டால் வயிற்றில் இருப்பது பிழைக்குமா என்பது நிச்சயமில்லை. முனியம்மா உட்கார்ந்த இடத்தை நான் தினம் எத்தனையோ தடவை தாண்ட வேண்டும். தாண்டும்போதெல்லாம் அவள் என் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் சுறுசுறுப்பாக நடப்பதை மேஸ்திரி கவனித்துவிட்டார். "தங்கச்சிங்க இப்பல்லாம் நல்லா நடக்குறீங்க, சந்தோசம்" என்றார். அடுத்த வாரம் பெரிய கூடைகள் வந்து இறங்கின.

பெரிய கூடையோடு முதல் நடை போனேன். முனையில் வழக்கம்போல் பாரம் குறைந்தது. ஆனால் காதோரம் கேட்ட மூச்சு மாறியிருந்தது. திணறியது. நடுவில் ஒரு முனகல் வந்தது. பிள்ளை சுமக்கிறவள் குனிந்து நிமிரும்போது அவளை அறியாமல் வரும் முனகல் அது. நானும் தினம் முனகிக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாதா? அன்றைக்குக் கஞ்சி எனக்கு இறங்கவில்லை. கல் வைத்தே ஆக வேண்டும் என்று ஜைனம்புவிடம் சொன்னேன்.

அவள் தன் கஞ்சியைக் குடித்து முடித்தாள். "கல்லு வெச்சா அவ பூடுவா. அப்பால உன் வவுத்துப் புள்ளைக்கு யாரு தாங்குவாங்க? யோசிச்சியா?" என்றாள்.

"யோசிச்சேன். உசுரோட இருக்கசொல்லோ ஒரு நாள் லீவு கெடைக்கல அவளுக்கு. செத்தும் கூடை தூக்கிகினே இருக்கணுமா?"

சுற்றி இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "நம்மளும் அவள வேலை வாங்கிகினுதானே கீறோம்" என்று மெல்லச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புருஷன் வாங்கினான், மேஸ்திரி வாங்கினார், கடைசியில் நாங்களும் அவளை விடவில்லை.

மேஸ்திரியிடம் நான்தான் போனேன். மதில் முனையில் ஒரு சுமைதாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றேன். அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "கல்லு வெச்சா நின்னு கத பேசுவீங்க தங்கச்சி. இது இன்னா பெரிய பாரம்?"

"நீ ஒரு நடை தூக்கிப் பாரு மேஸ்திரி" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மண்வெட்டி பிடித்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்புதான் மேஸ்திரியைக் கிளப்பியது. குடையை ஒருவனிடம் கொடுத்தார், தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்தார். சின்னத்தம்பி கூடையை அவர் தலைக்கு ஏற்றினான். பெரிய கூடைதான். நல்ல கட்டுமஸ்தான உடம்பு, ஆடாமல் நடந்தார். நாங்களும் எங்கள் கூடைகளோடு பின்னால் போனோம்.

மதில் முனையில் நின்றார்.

அவருக்குப் பாரம் குறையவில்லை. அது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு கை கூடையை விட்டுவிட்டு மெதுவாகக் கீழே வந்தது. அடிவயிற்றில் போய் நின்றது. நான் பக்கவாட்டில் வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வலி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. உள்ளே ஏதோ சத்தம் கேட்டு உற்றுக் கேட்கிற முகம். பிள்ளை முதல் தடவை அசையும்போது பெண்ணுக்கு வருகிற முகம் அது. ஒரு மாசத்துக்கு முன்னால்தான் எனக்கே வந்திருந்தது. மீசை வைத்த முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

"எறக்குங்க" என்றார்.  இறக்க ஆண் யாரும் பக்கத்தில் இல்லை. எங்கள் எல்லார் தலையிலும் கூடை. அவர் மெதுவாக, கழுத்து நேராக, முதுகு நேராக, மதிலோரம் உட்காரத் தொடங்கினார். கூடை சாயவில்லை.

அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "முனியம்மா, வுட்டுடுமே" என்று கத்திக்கொண்டு என் கூடையைத் தள்ளிவிட்டு ஓடினேன். ஜைனம்புவும் தன்னுடையதைத் தள்ளினாள். இரண்டு பேரும் சேர்ந்து அவர் தலைக் கூடையை இறக்கினோம். அவர் மதிலில் சாய்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். கை வயிற்றிலேயே இருந்தது.

"ஒதைக்குது" என்றார்.

 கொஞ்ச நேரம் கழித்து, "கல்ல வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். குடையை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

துறைமுகச் சுவர் கட்டி மிஞ்சிய கல் ஓரமாகக் கிடந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒரு கல்தச்சர் வந்தார். இரண்டு கல்லை நட்டு மூன்றாவதை மேலே ஏற்றிவிட்டு, தன் தோளை ஒட்டி நின்று பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். நான் போய் நின்றேன். மேல்கல் என் காதுக்கு வந்தது. "உன் ஒசரத்துக்கு யாரு கேட்டாங்க நைனா? செத்தவ என் ஒசரம். என் கழுத்துக்கு வெய்யி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கல்லை இறக்கி, இன்னும் ஆழமாகத் தோண்டி நட்டார். சுமைதாங்கி கழுத்தளவு இருந்தால்தான் கூடையைத் தலையிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தலாம், அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இன்னொருவர் கை வேண்டாம். கல்லுக்கு மஞ்சள் பூசினோம். எங்களில் இந்த வழக்கம் கிடையாது என்ற ஜைனம்பு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் அடியில் ஊற்றிவிட்டுப் போனாள். சின்னத்தம்பி தூரத்தில் நின்றான், கிட்டே வரவில்லை.

முதல் கூடை நான் கொண்டுவந்தேன். மதில் முனையில் கால் வைத்தேன். பாரம் குறையவில்லை. பெரிய கூடையின் முழுக்கனமும் கழுத்தில் இருந்தது. காதோரம் மூச்சு இல்லை. கடற்காற்றின் சத்தம்தான் கேட்டது. அவள் போய்விட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட பயம், அவள் இருந்தபோது ஏற்பட்டதே இல்லை. கல்லை ஒட்டி நின்று கழுத்தைச் சாய்த்தேன். கூடை நகர்ந்து கல்மேல் உட்கார்ந்தது. கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கூடையை வழியில் நானாக இறக்கியது அதுதான் முதல் தடவை. உள்ளே பிள்ளை புரண்டது. கல்லைக் கட்டிக்கொண்டு அழுதேன். பின்னால் வந்தவர்கள் என்னை அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலையில் ஆணி மார்பளவுக்கு இறங்கியிருந்தது. வில்லை எடுக்கும்போது மேஸ்திரி எங்கள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கூடைகள் போய்விட்டன. சட்டம் எதுவும் மாறவில்லை, வேறு கொட்டகைகளில் ஆணி உயரத்திலேயே இருந்தது. நான் ஒன்பதாம் மாசம் வரை கல்லில் இறக்கி இறக்கிச் சுமந்தேன். என் மகள் பிறந்தாள், பிழைத்தாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இதையெல்லாம் சங்கத்துப் பெண்களிடம் சொல்லி முடித்ததும் கிளம்பினார்கள். தனலட்சுமி என்ற பெண் மட்டும் வாசலில் தயங்கினாள். அந்த ரோடு வேலையில்தான் இரும்புப் பாண்டில் ஜல்லி சுமக்கிறாள். கல்லைத் தள்ளிய நாளிலிருந்து ஒரு வேடிக்கை என்றாள். "அந்த மொனைகிட்ட வந்தா பாண்டு லேசாயிடுது பெரீம்மா. நம்ம பொண்ணுங்களுக்கெல்லாம் ஒரே குஷி" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பக்கத்துல சத்தம் எதுனா கேக்குதா?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "யாரோ மூச்சு வாங்குறாப்ல கீது" என்றாள்.

மலர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். இந்தக் கட்டுரையைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. மேல்கல் ஓரமாகத்தான் கிடக்கிறது, நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அதை ஏற்றி வையுங்கள். ஒரு மாசமாக அவள் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள்.